சூடேறாத இன்ஜின்: சித்தூர், திருப்பதிச் சாலைகளிலிருந்து ஓர் ஆய்வு

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் கார் வைத்திருப்பவர்களின் பெரிய பயம், வண்டி ‘ஹீட் அடிப்பது’. 40 டிகிரியைத் தாண்டும் கோடை, திருமலை ஏற்றம், விசேஷ நாட்களில் அலிபிரி சோதனைச் சாவடியில் நகராத வரிசை ஆகிய மூன்றும் சேரும் ஊரில் அந்தப் பயம் நியாயமானது. அதன் மறுபக்கத்தில் இருக்கும் பழுதை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. டெம்பரேச்சர் முள் கால்வாசியிலேயே நின்றுவிட்டால் வண்டி நன்றாகக் குளிர்ந்து ஓடுகிறது என்று மகிழ்கிறோம். மைலேஜ் குறைந்தால் பெட்ரோல் பங்கைச் சந்தேகிக்கிறோம். ஆயில் சீக்கிரம் கறுத்தால் ஆயில் கம்பெனியைக் குறை சொல்கிறோம்.

மெதுவாகச் சூடேறும் இன்ஜின், கொதிக்கும் இன்ஜினைப் போலவே பழுதுபட்ட இன்ஜின்தான். அது நடுச்சாலையில் நிற்காது, ஆனால் ஆயுளில் ஆண்டுகளை இழக்கும். அதற்கு முதல் காரணம் தெர்மோஸ்டாட் வால்வ். வால்வ் திறந்தபடியே சிக்கியிருக்கலாம், அல்லது நம் கையாலேயே கழற்றி எறியப்பட்டிருக்கலாம். இந்த வட்டாரத்தில் இரண்டாவதை அலட்சியப்படுத்த முடியாது. கழற்றும் வழக்கத்துக்குக் காரணம் சொல்லப்படும் அதே மலைச்சாலை, அந்த வழக்கம் தவறு என்பதையும் காட்டித் தருகிறது.

சூடு எதற்கு?

பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கான வேலையாகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மீதி கூலண்ட் வழியாக வெளியேறுகிறது. வெளியேற்றியே ஆக வேண்டிய வெப்பம் என்பதால், எவ்வளவு வெளியேற்றினாலும் நல்லது என்று தோன்றும். இன்ஜின் அப்படி வடிவமைக்கப்படவில்லை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளி, ஆயிலின் தடிமன், எரிபொருள் தெளிக்கும் அளவு எல்லாமே கூலண்ட் ஏறத்தாழ 85 முதல் 105 டிகிரிக்குள் இருக்கும் என்று எண்ணித்தான் கணக்கிடப்பட்டவை.

‘நம்ம ஊரே சூடு, இன்ஜினுக்குத் தனியாக என்ன சூடு வேண்டும்?’ என்ற கேள்வி இங்கே இயல்பாக எழும். கணக்குப் போட்டால் விடை கிடைக்கும். திருப்பதியில் காலை 30 டிகிரியில் ஸ்டார்ட் செய்யும் இன்ஜின் 90ஐத் தொட இன்னும் 60 டிகிரி ஏற வேண்டும். ஊட்டியில் 10 டிகிரியில் ஸ்டார்ட் செய்தால் 80 டிகிரி. நம் வெயில் மிச்சப்படுத்தித் தருவது கால்பங்கு மட்டுமே. மீதி முக்கால் பங்கையும் இன்ஜின்தான் ஏறியாக வேண்டும்.

ஏறாமல் நின்றால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். முதலில் ஆயில். அதன் தடிமன் 40 டிகிரி, 100 டிகிரி என்ற இரு புள்ளிகளில் அளந்து சொல்லப்படுகிறது. 40 டிகிரியில் அது 100 டிகிரியில் இருப்பதைப் போலப் பல மடங்கு தடித்திருக்கும். அந்தத் தடிமனைத் தள்ளிக்கொண்டு சுழல்வதற்கே எரிபொருள் செலவாகிறது.

அடுத்து எரிபொருள். குளிர்ந்த சுவரில் பட்ட பெட்ரோல் முழுதாக ஆவியாகாது. அதை ஈடுகட்ட, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ. கூடுதலாகத் தெளிக்கச் சொல்லும். எரியாத பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும்.

மூன்றாவது தண்ணீர். 1 லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் உருவாகிறது. சூடான இன்ஜினில் அது நீராவியாக சைலன்சர் வழியே போய்விடும். குளிர்ந்த இன்ஜினில் அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரிலும் ஆயில் சம்பிலும் படிந்து, எரிந்த வாயுக்களோடு சேர்ந்து அமிலமாகிறது. சிலிண்டர் தேய்மானத்தில் உராய்வை விட இந்த அமில அரிப்புக்கே பெரிய பங்கு உண்டு என்பதை 1930களில் பிரிட்டனில் சி. ஜி. வில்லியம்ஸ் நடத்திய ஆய்வுகள் எடுத்துக்காட்டின. சிலிண்டர் சுவரின் வெப்பம் குறையக் குறையத் தேய்மானம் கூடியது. இன்றைய ஆயில்களில் அமிலத்தைத் தணிக்கும் சேர்மானங்கள் உண்டு. ஆனால் அவை தீர்ந்துபோகக் கூடியவை. எப்போதும் குளிர்ந்தே ஓடும் இன்ஜினில் அவை சீக்கிரமே தீரும்.

கடைசியாகப் புகை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் 250, 300 டிகிரியை எட்டிய பிறகே நச்சு வாயுக்களை மாற்றத் தொடங்கும். கூடுதல் பெட்ரோலோடு ஓடும் இன்ஜினின் புகை அதன் வேலையையும் ஆயுளையும் கெடுக்கிறது.

வால்வ் செய்யும் வேலை

இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் பாதையில், சில வண்டிகளில் ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் பாதையில், இருக்கும் சிறிய பித்தளைப் பொருள்தான் தெர்மோஸ்டாட். அதன் நடுவிலுள்ள குப்பிக்குள் ஒருவகை மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். குறித்த வெப்பத்தில் மெழுகு உருகிப் பருத்து ஒரு தண்டைத் தள்ளும், வால்வ் திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். கரண்ட் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். செர்ஜியஸ் வெர்னே 1934இல் உருவாக்கிய இந்த மெழுகு முறைதான் இன்றும் பெரும்பாலான கார்களில் இருக்கிறது.

வால்வ் மூடியிருக்கும்வரை கூலண்ட், பைபாஸ் வழியே இன்ஜினுக்குள்ளேயே சுற்றி வேகமாகச் சூடேறும். 82 அல்லது 88 டிகிரியில் திறக்கத் தொடங்கி, அதற்கு மேல் 10, 15 டிகிரி ஏறுவதற்குள் முழுதாகத் திறந்துவிடும். திறக்கும் வெப்பம் வால்வின் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். சீக்கிரம் சூடேற்றுவது, ஏறிய சூட்டைக் கீழே விழாமல் பிடித்து வைப்பது ஆகிய இரண்டுமே அதன் பொறுப்பு. இரண்டாவதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

ஏன் கழற்றுகிறார்கள்?

‘வால்வை எடுத்துட்டேன்ணா, இனிமே ஹீட் ஆகாது’ என்று சொல்லும் மெக்கானிக்கின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதைக் கேட்காமல் இந்தக் கேள்விக்கு முடிவு காண முடியாது.

அலிபிரியிலிருந்து திருமலைக்கு இரண்டு சாலைகள் உண்டு. பொறியாளர் மோக்ஷகுண்டம் விசுவேசுவரய்யாவின் திட்டத்தில் உருவாகி 1944இல் திறக்கப்பட்ட பழைய சாலை சுமார் 19 கிலோமீட்டர் நீளம், 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது. இன்று அது இறங்குவதற்கு மட்டும். 1974இல் வந்த இரண்டாவது சாலை ஏறுவதற்கு. திருப்பதி கடல்மட்டத்திலிருந்து சுமார் 150 மீட்டர் உயரத்திலும் திருமலை சுமார் 850 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள காரை அந்த 700 மீட்டர் தூக்குவதற்கு மட்டும் 1 கோடி ஜூல் வேலை ஆகிறது. அதே அளவோ அதற்கு மேலோ வெப்பம், அரைமணி நேரத்துக்குள், குறைந்த வேகத்தில், ரேடியேட்டர் வழியே வெளியேற வேண்டும். மூடிய நிலையில் சிக்கிய தெர்மோஸ்டாட்டோடு இந்த ஏற்றத்தில் ஏறினால் ஹெட் வளையும், கேஸ்கெட் போகும், செலவு பல ஆயிரங்களைத் தொடும். திறந்த நிலையில் சிக்கினாலோ, வால்வே இல்லாவிட்டாலோ வண்டி ஊர் போய்ச் சேரும். சாலையோரத்தில் பழுது பார்ப்பவர் எந்த ஆபத்தைத் தேர்ந்தெடுப்பார் என்பது தெளிவு. போர்வெல் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றிய காலத்தில், அதன் உப்புப் படிந்து வால்வ் சிக்குவதும் சாதாரணம். போலி உதிரிபாகங்கள் மீதிருந்த அவநம்பிக்கையும் சேர்ந்து, கழற்றுவது பாதுகாப்பு என்ற எண்ணம் வேரூன்றியது.

ஆனால் அந்தக் காலத்து வண்டிகளைச் செய்தவர்களே வெப்ப நாடுகளுக்கு என்ன பரிந்துரைத்தார்கள்? அம்பாசடரில் நெடுங்காலம் ஓடிய 1489 சி.சி. இன்ஜின், பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்ப இன்ஜின்களுக்கு வெப்பமான நாடுகளுக்கு 74 டிகிரி வால்வ், பொதுப் பயன்பாட்டுக்கு 82, குளிர் நாடுகளுக்கு 88 என்று மூன்று தரங்கள் இருந்தன. வெயில் நாட்டுக்கு அவர்கள் தந்த விடை, கொஞ்சம் முன்னதாகத் திறக்கும் வால்வ். வால்வே வேண்டாம் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

கழற்றினால் ஏற்றம் எளிதாகுமா?

இந்த ஆய்வின் மையக் கேள்வி இதுதான். நல்ல தெர்மோஸ்டாட் ஏற்றத்தில் முழுதாகத் திறந்தே இருக்கும். அந்த நிலையில் கூலண்ட் ஓட்டத்துக்கு அது தரும் தடை மிகச் சிறியது. கொதிப்பதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பவை ரேடியேட்டரின் சுத்தம், ஃபேன், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடி, கூலண்டின் அளவு ஆகியவை. எனவே வால்வைக் கழற்றியதும் கொதிப்பு நின்றால், அந்த வால்வ் சரியாகத் திறக்கவில்லை என்றே பொருள். புது வால்வ் போட்டிருந்தாலும் நின்றிருக்கும். வால்வ் நன்றாக இருந்தும் வண்டி கொதித்தது என்றால், கழற்றியதால் உண்மையான காரணம் மறைந்ததே தவிரத் தீரவில்லை. அடுத்த கோடையில், அடுத்த ஏற்றத்தில் அது திரும்ப வரும்.

சில இன்ஜின்களில் விளைவு தலைகீழாகவும் போகும். அவற்றின் தெர்மோஸ்டாட்டில் இரண்டு தட்டுகள் உண்டு. மேல்தட்டு ரேடியேட்டர் பாதையைத் திறக்கும்போது, கீழ்த்தட்டு பைபாஸ் பாதையை அடைக்கும். வால்வை எடுத்துவிட்டால் பைபாஸ் நிரந்தரமாகத் திறந்துகொள்ளும். கூலண்டில் பெரும்பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள் சுற்றும். காலையில் சூடேறாத அதே வண்டி, ஏற்றத்தில் முன்பை விடச் சீக்கிரம் கொதிக்கும். ‘தண்ணீர் ரொம்ப வேகமாக ஓடுவதால் ரேடியேட்டரில் ஆற நேரமில்லை’ என்று ஷெட்டுகளில் இதற்கு விளக்கம் சொல்வதுண்டு. திறந்து கிடக்கும் பைபாஸ்தான் காரணம்.

மூடியையும் இங்கே கவனிக்க வேண்டும். திருமலை உயரத்தில் வெறும் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். 0.9 பார் அழுத்தம் தாங்கும் நல்ல மூடி இருந்தால் கொதிநிலை 115 டிகிரிக்கு மேல் போய்விடும். ரப்பர் காய்ந்த மூடி அந்த அழுத்தத்தைப் பிடிக்காது. அப்போது தெர்மோஸ்டாட் பழியை ஏற்கிறது.

சூடேறாமைக்கு வேறு காரணங்கள்

தெர்மோஸ்டாட்டுக்கு அடுத்த இடம் ஃபேனுக்கு. ஃபேன் சுவிட்சோ ரிலேயோ கெட்டால் புதிதாகப் போடாமல், சாவி போட்டதும் ஃபேன் சுற்றும்படி ‘டைரக்ட்’ கொடுத்துவிடுவது இங்கே சாதாரணம். அந்த வண்டி காலையில் ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்து குளிரூட்டப்படுகிறது. ரிலே ஒட்டிக்கொண்டாலும் இதே கதைதான். பெல்ட்டில் ஓடும் விஸ்கஸ் ஃபேன் உள்ள பழைய டீசல் ஜீப், வேன்களில் அதன் கிளட்ச் இறுகிவிட்டால், எந்த வேகத்திலும் ஃபேன் இரைந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது, கூலண்ட் சென்சார். இதில் இரண்டு வகைப் பழுதைப் பிரித்தறிய வேண்டும். இன்ஜின் உண்மையில் சூடாகியும் சென்சார் குளிர் என்று சொல்லலாம். அப்போது பழுது சொல்பவரிடம்தான். ஆனால் அதை நம்பும் ஈ.சி.யூ. எரிபொருளைக் கூட்டித் தெளிக்கும், ஐடிலைக் குறைக்காது. சென்சார் வயர் அறுந்தால் பல வண்டிகளில் ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரி காட்டும். சில ஈ.சி.யூ.க்கள் பாதுகாப்புக்காக ஃபேனை நிறுத்தாமல் ஓடவிடும். அப்போது பொய்யான குளிரோடு உண்மையான குளிரும் சேர்ந்துகொள்ளும்.

நான்காவது, கூலண்ட் குறைவு. அளவு குறைந்து சென்சார் இருக்கும் இடத்தில் காற்று தங்கினால், அது கூலண்டை அளக்காமல் காற்றை அளக்கும். முள் கீழேயே நிற்கும். உள்ளே இன்ஜின் ஆபத்தான சூட்டில் இருக்கக்கூடும். ‘சூடேறவில்லை’ என்ற அறிகுறிக்குப் பின்னால் கொதிப்பு ஒளிந்திருக்கும் முக்கியமான இடம் இதுதான். அதனால் கூலண்ட் அளவைப் பார்க்காமல் வேறு எந்தச் சோதனையும் தொடங்கக் கூடாது.

பழுதே இல்லாத நிலையும் உண்டு. டீசல் இன்ஜின் ஐடிலில் மிகக் குறைந்த எரிபொருளையே எரிப்பதால் நின்ற இடத்தில் மெதுவாகத்தான் சூடேறும். திருப்பதி ரயில் நிலையத்திலிருந்து திருச்சானூர் என்று குறுந்தூரமே ஓடும் வண்டியும் சூடேறி முடிப்பதற்குள் நின்றுவிடும். அங்கே மாற வேண்டியது ஓட்டும் முறையும் ஆயில் மாற்றும் இடைவெளியும்தான்.

கண்டறியும் வரிசை

பாகத்தை மாற்றிப் பார்த்துப் பழுதைத் தேடுவது செலவு. கீழ்க்கண்ட வரிசையில் போனால் ஸ்பேனர் எடுப்பதற்கு முன்பே பெரும்பாலும் விடை தெரிந்துவிடும்.

1. இரவு முழுக்க நின்ற வண்டியில், இன்ஜின் முழுதாக ஆறிய பின், ரேடியேட்டரிலும் ரிசர்வாயரிலும் கூலண்ட் அளவைப் பாருங்கள். சூடான ரேடியேட்டரை ஒருபோதும் திறக்காதீர்கள்.

2. டாஷ்போர்டு முள்ளை மட்டும் நம்பாதீர்கள். பல புதிய கார்களில் 75 டிகிரி முதல் 105 டிகிரி வரை முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஹோண்டா போன்ற சில கார்களில் முள்ளே இல்லாமல், குளிர்ந்திருக்கும்போது நீல விளக்கு மட்டும் எரியும். பழுது கண்டறிவதற்கான ஓ.பி.டி. சாக்கெட்டில் புளூடூத் ரீடரைச் செருகினால் உண்மையான டிகிரியைப் போனிலேயே பார்க்கலாம்.

3. ஸ்டார்ட் செய்வதற்கு முன் சாவியை மட்டும் ஆன் செய்து, கூலண்ட் வெப்பத்தையும் இன்டேக் காற்று வெப்பத்தையும் ஒப்பிடுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் இரண்டும் சில டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். பெரிதாக விலகினால் சென்சாரைச் சோதியுங்கள். பல சென்சார்கள் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் தடை காட்டும். சரியான எண் அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.

4. ஸ்டார்ட் செய்ததும், ஏ.சி. போடாமல், ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். குளிர்ந்த இன்ஜினில் சுற்றினால் ரிலே, சென்சார் வயர், ‘டைரக்ட்’ இணைப்பு என்ற வரிசையில் தேடுங்கள்.

5. ரேடியேட்டரின் மேல் ஹோஸை, ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் கை போகாமல், அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். நல்ல வால்வ் உள்ள வண்டியில் இன்ஜின் 80ஐத் தாண்டும்வரை அது குளிர்ந்திருந்து, திறந்ததும் சட்டென்று சுடும். தொடக்கத்திலிருந்தே இன்ஜினோடு சேர்ந்து மெல்லச் சூடானால் வால்வ் திறந்திருக்கிறது அல்லது இல்லவே இல்லை. வால்வ் திரும்பிவரும் பாதையில் உள்ள வண்டிகளில் கீழ் ஹோஸைப் பார்க்க வேண்டும்.

6. ஸ்கேனரில் பி0128 என்ற பழுதுக் குறியீடு இருக்கிறதா பாருங்கள். ஸ்டார்ட் ஆனபோதிருந்த வெப்பம், உள்ளே போன காற்று, ஓடிய நேரம் ஆகியவற்றை வைத்து, இந்நேரம் இன்ஜின் எவ்வளவு சூடாகியிருக்க வேண்டும் என்று ஈ.சி.யூ. கணக்கிடுகிறது. அந்த அளவை எட்டாவிட்டால் இந்தக் குறியீடு பதிவாகும். பி0117, பி0118 வந்தால் சந்தேகம் சென்சார் வயரிங் பக்கம் திரும்ப வேண்டும்.

இறக்கம் என்னும் சோதனைக்கூடம்

மேற்சொன்ன எல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். திருப்பதிக்காரர்களுக்குக் கையருகே வாய்த்த சோதனை ஒன்று உண்டு. திருமலையிலிருந்து பழைய சாலையில் இறங்கும்போது வண்டி கியரிலேயே இருக்கும், கால் ஆக்சிலரேட்டரில் இருக்காது. அந்த நேரங்களில் இன்றைய இன்ஜின்கள் எரிபொருள் தெளிப்பதையே நிறுத்திவிடும். வெப்பம் உண்டாவது ஏறக்குறைய நின்றுபோகிறது. ரேடியேட்டர் மேல் காற்று மட்டும் வீசிக்கொண்டிருக்கும். மரங்கள் அடர்ந்த சேஷாசல மலையின் அதிகாலைக் காற்று கீழே உள்ளதை விடக் குளிர்ச்சியானது.

இந்த 19 கிலோமீட்டரில், நல்ல தெர்மோஸ்டாட் மூடிக்கொண்டு சூட்டைக் காப்பாற்றும். ரீடரில் எண் 80களின் அருகே நிற்கும், சற்று இறங்கினாலும் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் திரும்பிவிடும். வால்வ் திறந்து சிக்கியிருந்தாலோ இல்லாவிட்டாலோ, எண் வளைவுக்கு வளைவு இறங்கிக்கொண்டே போய் 70க்கும் கீழே வந்துவிடும். அலிபிரிக்கு வந்து நகர நெரிசலில் ஊர்ந்ததும் மறுபடி ஏறும். நெரிசலில் ஏறுவதும் ஓட்டத்தில் இறங்குவதும் திறந்த வால்வின் தெளிவான அடையாளம். சமவெளியில் சித்தூர், சந்திரகிரி நெடுஞ்சாலையிலும் இதைப் பார்க்கலாம். ஆனால் இறக்கம் அளவுக்குத் துல்லியமாக வேறு எந்தச் சாலையும் காட்டாது. ரீடரைப் பார்ப்பது பக்கத்து இருக்கையில் இருப்பவரின் வேலை. ஓட்டுநரின் கண் சாலையிலேயே இருக்க வேண்டும், வண்டியை நியூட்ரலில் விடவே கூடாது.

ஏற்றம் ரேடியேட்டரைச் சோதிக்கிறது, இறக்கம் தெர்மோஸ்டாட்டைச் சோதிக்கிறது. நாம் இதுவரை ஏற்றத்தின் தீர்ப்பை மட்டும் கேட்டுப் பழகியிருக்கிறோம்.

சரிசெய்வது

சந்தேகம் வால்வின் மேல் உறுதியானால், இன்ஜின் ஆறிய பின் ஹவுசிங்கைத் திறந்து பாருங்கள். உள்ளே வால்வ் இல்லையென்றால் தேடல் அங்கேயே முடிந்தது. இருந்தால், ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் அடியைத் தொடாமல் நூலில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடேற்றுங்கள். பொறித்துள்ள வெப்பத்தின் அருகே திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிப்பதற்குள் நன்றாகத் திறந்து, ஆறியதும் இடைவெளியின்றி மூட வேண்டும். குளிர்ந்த நிலையிலேயே வெளிச்சம் தெரியும் அளவு திறந்திருந்தால் அது கழிவு. புது வால்வைப் போடும் முன்பும் இதே சோதனையைச் செய்வது, போலிப் பொருள் பயத்துக்கு நல்ல மருந்து.

வாங்கும்போது வண்டிக்கு உரிய டிகிரியையே கேளுங்கள். ‘நம்ம ஊர் சூட்டுக்குக் கம்மி டிகிரி போதும்’ என்பது கார்புரேட்டர் காலத்துக்குப் பொருந்திய வாதம். ஈ.சி.யூ. உள்ள வண்டியில் அதன் கணக்கும் வால்வும் ஒத்துப்போக வேண்டும். வால்வில் சிறு காற்றுத் துளை இருந்தால் அதை மேல்பக்கம் வைத்துப் பொருத்துங்கள். கேஸ்கெட்டையோ ஓ-ரிங்கையோ புதிதாகப் போடுங்கள். பழைய தண்ணீரை வடித்து, கம்பெனி சொன்ன வகைக் கூலண்டைச் சொன்ன விகிதத்தில், டிஸ்டில்டு வாட்டரோடு ஊற்றுங்கள். போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அடுத்த வால்வைச் சிக்க வைப்பதும் அதுதான். கடைசியில் காற்றை முழுதாக வெளியேற்ற வேண்டும். பிளீடர் ஸ்குரூ உள்ள வண்டியில் அதன் வழியே, இல்லாத வண்டியில் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை இன்ஜினை ஓடவிட்டு. இந்த ஊரில் யாரும் ஹீட்டர் போடுவதில்லை என்பதால் ஒழுகும் ஹீட்டர் ஹோஸை மடக்கிக் கட்டிவிடும் வழக்கமும் உண்டு. டிசம்பரில் ஹார்ஸ்லி ஹில்ஸ் பக்கம் போய்க் கண்ணாடியில் பனி படியும்போதுதான் அதன் அருமை தெரியும். அதையும் இப்போதே சரிசெய்துவிடுங்கள்.

‘டைரக்ட்’ கொடுத்த ஃபேனைப் பழைய ரிலே வழிக்குக் கொண்டுவராமல் வேலை முடிந்ததாக எண்ணக் கூடாது. குளிர்ந்து ஓடிக்கொண்டிருந்த இன்ஜினுக்கு ஆயிலையும் மாற்றுங்கள். அதில் பெட்ரோலும் தண்ணீரும் கலந்திருக்கும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்மையான பசை படிந்திருப்பது அதற்குச் சாட்சி. அதே பசை ஹெட் கேஸ்கெட் பழுதிலும் வரும் என்பதால், கூலண்ட் அளவும் குறைந்துகொண்டே வந்தால் அந்தப் பக்கமும் சோதிக்க வேண்டும்.

டீசல், கேஸ், பி.எஸ்.6

2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் வந்த பி.எஸ்.6 புகை விதிகளுக்குப் பின் இந்தப் பழுதின் விலை கூடியிருக்கிறது. டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி வந்தது. சேர்ந்த கரியை வண்டி அவ்வப்போது 600 டிகிரி அளவில் எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். இன்ஜின் போதிய சூட்டை எட்டாவிட்டால் ஈ.சி.யூ. அந்த எரிப்பைத் தொடங்காது. தெர்மோஸ்டாட் இல்லாத டீசல் வண்டி கரியைச் சேர்த்துக்கொண்டே போய், ஒருநாள் எச்சரிக்கை விளக்கோடு வேகம் குறைந்து நிற்கும். விலை குறைந்த ஒரு வால்வைக் கழற்றியதற்கு, மிக விலை உயர்ந்த வடிகட்டி பலியாகும்.

கேஸில் ஓடும் டாக்ஸிகளுக்கும் இது நேரடிக் கேள்வி. சிலிண்டரின் உயர் அழுத்தத்திலிருந்து விரியும் கேஸ் கடுமையாகக் குளிரும். அந்தக் குளிரைப் போக்க, அழுத்தத்தைக் குறைக்கும் ரெடியூசருக்குள் சூடான கூலண்ட் சுற்றுகிறது. வெளியே பொருத்தும் பல கிட்டுகள், கூலண்ட் குறித்த வெப்பத்தை எட்டிய பிறகே பெட்ரோலிலிருந்து கேஸுக்கு மாறும்படி அமைக்கப்படுகின்றன. மெதுவாகச் சூடேறும் வண்டி ஒவ்வொரு காலையும் தேவைக்கு மேல் பெட்ரோலில் ஓடும். கேஸ் செலவு குறைவு என்று கிட் போட்டவர், அந்த லாபத்தில் ஒரு பகுதியை ரேடியேட்டர் வழியே காற்றில் விடுகிறார்.

சூடேற்றுவதற்காக வண்டியைப் பத்து நிமிடம் நிறுத்தி ஓடவிடுவது தீர்வாகாது. ஐடிலில் சிறிய பெட்ரோல் இன்ஜின் மணிக்கு ஏறத்தாழ 0.6 முதல் 0.8 லிட்டர்தான் எரிக்கும். அது தரும் வெப்பம் குறைவு, தேய்மானக் காலம் நீளும். ஆயில் பரவ அரை நிமிடம் கொடுத்து, முதல் சில கிலோமீட்டர் அதிக ரேஸ் கொடுக்காமல் ஓட்டுவதே நல்ல வழி.

செய்ய வேண்டியது

மூன்று தரப்பின் வாதங்களையும் எடை போட்டால் முடிவு தெளிவாகிறது. சாலையோர மெக்கானிக் சொல்வது அவசர நேரத்துக்குச் சரி. மூடியபடி சிக்கிய வால்வைக் கழற்றி வண்டியை ஊர் சேர்ப்பதில் தவறில்லை, மறுநாளே புதியது போட்டால். தயாரித்தவர்கள் சொல்வது எல்லா நாளுக்கும் சரி. ஸ்கேனர் பார்க்கும் இளைய தலைமுறை சொல்வதும் சரி, குறியீட்டைப் படித்ததோடு நிற்காமல் ஹோஸையும் தொட்டுப் பார்த்தால்.

எனவே சில வேண்டுகோள்கள். கார் உரிமையாளர்கள் அடுத்த சர்வீஸில் ‘இந்த வண்டியில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா, ஃபேன் டைரக்டா?’ என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். பழைய கார் வாங்குபவர்கள் இன்ஜின் ஆறியிருக்கும்போதே போய், சூடேற எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்த பிறகே விலை பேச வேண்டும். மெக்கானிக் நண்பர்கள் வால்வைக் கழற்ற நேர்ந்தால் அதை பில்லில் எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்து அந்த வண்டியைத் தொடுபவருக்கு அந்த ஒரு வரி பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். ஐ.டி.ஐ.களில் மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்குக் கொதிப்பைக் கற்பிக்கும் அதே பாடத்தில் குளிர்ச்சியையும் கற்பிக்க வேண்டும். ஒரு பாத்திரம், ஒரு தெர்மாமீட்டர், ஒரு வால்வ் போதும்.

வெயில் கடுமையான ஊர் என்பதாலேயே நம் வண்டிகளுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்றாகிவிடாது. வெயிலுக்கும் ஏற்றத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவை ரேடியேட்டர், ஃபேன், மூடி, கூலண்ட். அந்த நான்கையும் ஒழுங்காக வைத்திருந்தால், வால்வைக் கழற்ற எந்த ஏற்றமும் நம்மைக் கட்டாயப்படுத்தாது.